துண்டு போட்ட இடம்

பித்தளைக் கம்பியில் இரண்டு முடிச்சாகப் போட்டுவிட்டுக் கலாமணி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். துண்டு நன்றாகத்தான் இருந்தது. கம்பி நெடுகக் கட்டியிருந்தவையெல்லாம் பட்டு, கம்பளி, பூப்போட்ட ஸ்கார்ஃப் என்று சீமாட்டிகளின் கழுத்துக்குப் பழகியவை. அவற்றின் நடுவே சிவப்புக் கரை வைத்த வெள்ளை ஈரிழைத் துண்டு, கல்யாணப் பந்தியில் பனியனோடு உட்கார்ந்துவிட்ட மாமனைப் போல, கொஞ்சமும் வெட்கமில்லாமல் தொங்கியது. தொங்கட்டும். அவள் தங்கியிருந்த விடுதியில் குளிக்கத் தண்ணீர் சும்மா, துடைக்கத் துண்டுக்கு வாடகை. அதைக் கேள்விப்பட்டுத்தான் ஊரிலிருந்தே பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தாள், இப்போது வியன்னாவின் ஓபரா மாளிகையில் அது ஒரு ஆளுக்கு இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தன் இடத்துக்குச் சால்வை, பக்கத்து இடத்துக்குத் துண்டு. உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கொடுக்கிற பணத்துக்குக் கோபிச் சந்தையில் ஒரு கன்றுக்குட்டி பிடித்துக்கொண்டு வரலாம். நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு காப்பி, கூட ஒரு பன், அவ்வளவுதான் விலை. குழந்தைவேலு போனில் சொல்லியிருந்தார், “டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயி ஒரு துணியக் கட்டி வெச்சுட்டா அது நம்ம எடமுங்க. நம்மூரு பஸ்ல சன்னல் வழியா துண்டு போடறாப்பலயேதான். முன்னாடி வர்றவங்க மத்தவங்களுக்கும் புடிச்சு வெச்சிரலாம்.” அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து தம்பி பெண்டாட்டி மஞ்சுளா எட்டிப் பார்த்தாள். யாருங்க்கா போன்ல? ஆபீஸ்ல, என்றாள் கலாமணி. கோபி கூட்டுறவுப் பண்டகசாலையில் அப்படிச் சிரிக்க வைக்கிற ஆள் ஒருவரும் கிடையாது என்று மஞ்சுளாவுக்கும் தெரியும். தெரியட்டும், எல்லாம் ஒருநாள் தெரியத்தானே வேண்டும், ஆனால் இன்றைக்கு அவர் வர வேண்டும், அவர் வந்தால்தான் தெரிவதற்கு ஏதாவது இருக்கும்.

வருவார். ஆறரைக்கு வருகிறேன் என்றார், ஆறரை ஆகிவிட்டது, பஸ் தாமதமாக இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியாவில் ஒரு கார் தொழிற்சாலையில் கடைசல் எந்திரம் ஓட்டுகிறார். லீவு நாளில் பஸ் ஏறி வந்துவிட்டுப் போகிற தூரம்தான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று ஈரோட்டுத் திருமணத் தகவல் மையத்துப் பெண் சொன்னபோது கோட்டும் காருமாக ஒரு உருவம் மனதில் வந்து நின்றது. போனில் முகம் பார்த்தால் நெற்றியில் எண்ணெய் வழிய, காதோரம் நரைத்து, பின்னால் கொடியில் லுங்கி காய, நம்ம ஊர் ஆள் ஒருத்தர். அம்பது வயசு. மனைவி தவறிப் பல வருஷமாகிறது. பெயர் குழந்தைவேலு, அந்த நரைக்கு அந்தப் பெயர், அதையும் நினைத்து ஒருநாள் தனியாகச் சிரித்தாள். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் பேச்சு. என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் தேறாது: அங்கே வெங்காயம் இனிக்கிறது, இங்கே வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, அங்கே பனி, இங்கே பவர் கட். பொங்கலுக்கு லீவு போட்டு வந்து வீட்டில் பார்க்கிறேன் என்றார் அவர். முறையாகத்தான் கேட்டார். வேண்டாமுங்க, என்றாள் கலாமணி. சொன்ன பிறகுதான் தனக்கே அதிர்ச்சி. நீங்க வர வேண்டாம். நானே வந்து பாக்கறேன். அவர் மெதுவாக, வாங்க, என்றார். கல்யாணத்துக்கென்று அப்பா போட்டு வைத்திருந்த டெபாசிட்டை முறித்தாள். அந்தக் கல்யாணத்துக்காகத்தானே, வேறெதற்கு. நாற்பத்தாறு வயதில் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய பெண், வீட்டில் ஆபீஸ் பெண்களோடு டூர் என்று பொய். இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுக்கை, கீழே ஒரு கொரியாக்காரப் பெண், ராத்திரியெல்லாம் அது தூக்கத்தில் பேசுகிறது, என்ன பாஷையோ, கேட்டுக்கொண்டே கிடந்தால் ஏதோ புரிகிற மாதிரிகூட இருக்கிறது.

சீருடை போட்ட ஆள் ஒருவன் வரிசையாக எல்லாருடைய டிக்கெட்டையும் பார்த்துக்கொண்டு வந்தான். துண்டருகில் நின்றான். இது யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டான். வருகிறார், என்றாள். யார் வருகிறார்? கேள்வியில் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் பதில் வேண்டும் என்று நின்றான், பின்னால் இடமில்லாமல் ஒரு வயதான அம்மாள் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தாள். ஃப்ரெண்ட் என்று சொல்லியிருக்கலாம். ரிலேட்டிவ் என்று சொல்லியிருக்கலாம். “ஹஸ்பண்ட்,” என்றாள் கலாமணி. அவன் தலையசைத்துவிட்டுப் போனான், கைத்தடி அம்மாள்கூட ஓ என்று சிரித்து நகர்ந்து போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவ்வளவு சுலபமா அது? ஒரு வார்த்தை சொன்னால் ஊரே விலகி வழி விடுகிறதே. இத்தனை வருஷமாக ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில், ‘ஹஸ்பண்ட்?’ என்று அவர்கள்தான் கேட்பார்கள், இவள் இல்லை என்பாள், இல்லை என்று சொன்ன பிறகு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்காமல் இருப்பதற்காகவே கீழே குனிந்து பையில் எதையோ தேடுவாள். இன்றைக்கு வாயில் தானாக வந்துவிட்டது. வாய்க்குள் அதன் ருசி இன்னும் இருக்கிறது, மிட்டாய் கரைந்த பிறகு நாக்கில் ஒட்டியிருக்கிற மாதிரி. பொய்தான். அந்த அம்மாளுக்குக் கால் வலிக்குமே, பாவம், வராத ஆளுக்கு இடம் வைத்துக்கொண்டு கால் வலிக்கிற கிழவியை நிற்க வைத்தால் எந்தச் சாமி பொறுக்கும். வராத ஆள் என்று ஏன் நினைத்தேன்? வருகிற ஆள். வருவார்.

விளக்குகள் மெல்ல அடங்கின. அணைக்கிற மாதிரி இல்லை, வெல்லப்பாகு இறுகுவது போலப் பொன்னிறம் கெட்டிப்பட்டுக்கொண்டே போய், பின்பு இருட்டு. எங்கோ கீழே பள்ளத்திலிருந்து வயலின்கள் கிளம்பின. கலாமணிக்கு இந்தச் சங்கீதம் தெரியாது, சங்கீதமே தெரியாது, ரேடியோவில் வருகிறதை வேலையோடு வேலையாகக் கேட்பதுதான். ஆனால் இது காதுக்கு வருவதாகத் தெரியவில்லை. கால் வழியாக ஏறியது. தரை மெதுவாக அதிர்ந்தது. வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற நாளில் கரையில் நின்றால் உள்ளங்காலில் இப்படித்தான் ஒரு குறுகுறுப்பு வரும், தண்ணீர் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, மண்ணுக்குத் தெரிந்துவிடும். திரை விலகியது. மேடையில் ஒரு மாளிகை, படிக்கட்டு, படிக்கட்டில் நல்ல பருமனான ஒரு பெண்மணி, நீலப் புடவை மாதிரி எதையோ பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கினாள், வாயைத் திறந்தாள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சன்னமான ஒரு சத்தம், ஊசியில் நூல் கோப்பது போல. கலாமணியின் கண்ணில் காரணமில்லாமல் நீர் வந்தது. பசி, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலையில் ஒரு வாழைப்பழம், மத்தியானம் ஊரிலிருந்து கொண்டுவந்த சப்பாத்தியில் கடைசி இரண்டு, தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு, அதையும் பூங்காவில் ஒரு சிலையின் மறைவில் உட்கார்ந்து தின்றாள், தொக்கு வாசத்துக்கு ஒரு நாய் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது, நாய்க்காரி சாரி சாரி என்றாள். தண்ணீர் மட்டும் இந்த ஊரில் சும்மா, குழாயைத் திறந்தால் மலைத்தண்ணீர், அதைக் குடித்துக் குடித்தே ஊரைச் சுற்றிவிட்டாள். கடைக் கண்ணாடி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று யூரோவை நூறால் பெருக்கிப் பார்த்து நகர்வது. ஒரு காப்பி மட்டும் குடித்தாள். சின்ன வெள்ளித் தட்டில் காப்பி, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், தண்ணீர் டம்ளரின் மேல் கரண்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக் கொடுத்தான் பரிமாறுகிறவன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அந்தத் தட்டைக் கையில் வாங்கியதும், ஒரு நொடி, எழுந்து நடக்கப் போனாள். தட்டு. காப்பி. நடந்து போய் எல்லாருக்கும் கொடு.

இல்லை, காப்பி கொடுத்தது பெண் பார்க்க வந்த வேறு வீட்டாருக்கு. அவர்களாவது கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். மறக்க முடியாதவர்கள் கோயிலுக்கு வந்தவர்கள்தான். பெண்ணை வீட்டில் வந்து பார்த்து வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் சங்கடம், அதனால் கோயிலில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாகரிகம் அப்போது பரவியிருந்தது. பெண் சாமி கும்பிட வந்த மாதிரி வருவது, அவர்களும் சாமி கும்பிட வந்த மாதிரி வருவது, பிடித்திருந்தால் பக்கத்தில் வந்து பேசுவது. பிடிக்காவிட்டால், வேறென்ன, சாமி கும்பிட வந்தவர்கள்தானே, போய்விடுவது. பச்சைப் பட்டுப் புடவை, அம்மா தலையில் அளவுக்கு மேல் கனகாம்பரம் வைத்துவிட்டாள். பிரகாரத்தில் தேங்காய்ப்பழத் தட்டோடு நின்றாள். வெயில் வந்தது, ஒரு தூண் நிழலுக்கு நகர்ந்தாள், மறைவாக இருந்தால் அவர்களுக்குத் தெரியாதே என்று மறுபடி வெயிலுக்கே வந்தாள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூசாரி இரண்டு முறை கேட்டார், அர்ச்சனை பண்ணிரலாமா? இருங்க சாமி, வந்துருவாங்க. கடைசியில் பூக்காரிதான் சொன்னாள், அவளுக்கு என்ன தெரியும், வெள்ளந்தியாகச் சொன்னாள்: “அந்த வெள்ளைக் கார்காரங்களா? அவங்க அப்பவே வந்து, செவுத்தோரமா நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்களே.” அப்பவே. அதாவது இவள் வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்துகொண்டிருந்தது, கனகாம்பரத்தைச் சரிசெய்தது, கழுத்து வேர்வையைத் துடைத்தது, எல்லாம் பார்க்க ஆளில்லாத பிறகு. அவர்கள் வேண்டாம் என்றது பெரிதில்லை. எத்தனையோ பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் போன பிறகும் நின்றோமே, அந்த நின்றதுதான் இத்தனை வருஷமாகக் குடைகிறது. அம்மா வீட்டுக்கு வந்து கனகாம்பரத்தைப் பிய்த்து எறிந்தாள், பிறகு ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அப்பா செத்தார், அம்மா செத்தாள், தம்பிக்குக் கல்யாணமாயிற்று.

பாட்டு நின்றது. இல்லை, வேறொருவன் பாடுகிறான், தடித்த குரல், பித்தளை அண்டாவுக்குள் பேசுகிற மாதிரி. கம்பியில் பதித்த சின்னத் திரையில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. மன்னித்துவிடு, என்கிறான். சற்று நேரம் கழித்துப் பார்த்தாலும் மன்னித்துவிடு. என்ன செய்தானோ. கலாமணிக்கு இடுப்பு கடுத்தது, ஒரு காலை மாற்றி மற்றொரு காலில் நின்றாள். சத்தியமங்கலத்திலிருந்து கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கியது உண்டு, கம்பியில் கை, கையில் தலை. இப்போதும் அப்படித்தான் கண் சொருகிற்று. மேடை பவானி ஆறாயிற்று, பொன் விளக்குகளெல்லாம் கரையிலே ஏற்றி வைத்த அகல்களாயின, பாடுகிறவள் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு எதையோ கேட்கிறாள், எல்லாப் படகும் அவளைத் தாண்டிப் போகிறது. ஏனுங்க, நில்லுங்க, இங்க எடம் இருக்குது. துண்டு போட்டு வெச்சிருக்கறேன். யாரும் திரும்பவில்லை. திடுக்கென்று விழித்தாள், கை துண்டின் மேல் இருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது, இடம் காலி.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்பதுகூடச் சரியில்லை, வாசலில் ரொம்ப நேரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தது, இப்போது உள்ளே வந்து உட்கார்ந்தது. அவர் வந்துவிட்டார். அப்பவே வந்துவிட்டார். வாசலில் ஏதோ தூண் மறைவில் நின்று, டிக்கெட் வரிசையில் இவள் நிற்பதைப் பார்த்தார். போனில் முகம் மட்டும்தானே தெரியும். ஆள் இவ்வளவு குள்ளம் என்று தெரியாது, பனிக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டு மூட்டை மாதிரி நிற்பது தெரியாது, நடையில் ஒரு பக்கம் சாய்வது தெரியாது. பார்த்தார். நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது, சங்கடம் வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டார். நாளைக்கு ஒரு மெசேஜ் வரும், வேலையில் திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள் என்று. விடுதிக்குப் போனால்தான் அதுவும் தெரியும். இங்கே போனுக்கு உயிரில்லை, வெளிநாட்டு சிம் வாங்குகிற காசுக்கு இரண்டு நாள் சாப்பாடு என்று வாங்காமல் விட்டாள். அடி பைத்தியக்காரி, சாப்பாட்டை மிச்சம் பிடித்து என்ன கண்டாய். நானே வந்து பாக்கறேன் என்று பெரிய மகாராணி மாதிரிச் சொன்னாயே, ஏழு கடல் தாண்டி வந்தும் பார்த்துவிட்டுப் போனது அவர்தானே. இடம்தான் மாறியிருக்கிறது. பிரகாரத்துக்குப் பதில் பித்தளைக் கம்பி. ஊருக்குப் போனால் மஞ்சுளா கேட்பாள், டூர் எப்படிங்க்கா? நல்லா இருந்துச்சு. வேற? வேறென்ன, தண்ணி நல்லா இருந்துச்சு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்காது. அதற்கடுத்த ஞாயிறும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெறுமனே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடப்பாள், வெங்காயம் இனிக்கிறதா என்று கேட்க ஆளிருக்காது. அதை நினைத்தபோதுதான் தெரிந்தது, அவருடைய முகம் ஒன்றும் பெரிதில்லை, அந்த வெங்காயம்தான் தனக்கு வேண்டும். அந்த ஆளோடுதான் மிச்சப் பேச்சைப் பேச வேண்டும். மாப்பிள்ளை பார்க்க வந்தவள் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு பண்ணிவிட்டாள், இது தெரிய இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. சரி, போதும். இடத்தை அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிடலாம், ஒரு புண்ணியமாவது மிஞ்சும். முடிச்சைத் தொட்டாள். அவிழ்த்தால் அவர் வரவில்லை என்று ஆகிவிடும். இன்னும் இந்தப் பாட்டு முடியட்டும். இந்தப் பாட்டு முடியட்டும் என்று மூன்று பாட்டு போய்விட்டது, எது எங்கே முடிகிறது என்று இவர்கள் சங்கீதத்தில் தெரிந்தால்தானே.

திடீரென்று கைதட்டல், அடைமழை மாதிரி. விளக்குகள் மறுபடி பழுத்தன. திரை மூடியது, இடைவேளை, எல்லாரும் கதவுகளை நோக்கி நகர்ந்தார்கள், கைத்தடி அம்மாள் ஆள் வராத இடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் போனாள். கேட்காமல் போனதுதான் தாங்கவில்லை. கலாமணி முதல் முடிச்சை அவிழ்த்தாள். இறுகியிருந்தது, நகத்தால் பிரித்தாள். இரண்டாவதில் கை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

“கலாமணிங்களா?”

போனில் கேட்ட குரல்தான், ஆனால் இவ்வளவு பக்கத்தில் அது வேறாக இருந்தது, அதற்கு ஒரு சூடு இருந்தது. திரும்பினாள். போனில் தெரிந்ததைவிட உயரம், போனில் தெரிந்ததைவிட நரை. நெற்றியில் வேர்வை. கையில் சுருட்டிப் பிடித்த ஒரு சாம்பல் மஃப்ளர். பேச முடியாமல் விரலால் மேலே காட்டினார். அங்கே, கூரைக்குப் பக்கத்தில், அடுக்குக்கு மேல் அடுக்காகப் போய்க் கடைசியில், இன்னொரு பித்தளைக் கம்பி.

“நிக்கற எடம் மேலயும் இருக்குதுங்க. நான் எப்பவும் அங்கதான், அது இன்னும் சல்லிசு. இதச் சொல்லாம உட்டுட்டேன் பாருங்க, முட்டாப்பய. நீங்க புது ஊர்ல வழி கண்டுபுடிச்சு வர நேரமாகும்னு சீக்கிரமே வந்து, உங்களுக்கு எடம் போட்டு வெச்சுட்டு நின்னுட்டிருந்தேன். ரெண்டு பேரு வந்து சண்டைக்கே வந்துட்டாங்க.” மஃப்ளரைத் தூக்கிக் காட்டினார். “பாட்டு நடக்கறப்பதான் கீழ எட்டிப் பாத்தேன். நீங்க நிக்கறீங்க. பக்கத்துல ஒரு துண்டு.”

“ஆமாங்க.”

“யாரோ கூட வந்திருக்காங்களோன்னு நெனச்சுட்டேனுங்க. அண்ணன் தம்பி யாராச்சும். இல்ல...” நிறுத்தினார். காதோரம் சிவந்தது. “அந்தத் துண்டுக்காரர் வருவார் வருவார்னு நானும் மேல இருந்தே பாத்துட்டிருந்தேன். அவரு வரவே இல்லீங்க.”

கலாமணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகை வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு மனுஷர் கூரையடியில் தொங்கிக்கொண்டு, தன்னைப் பார்த்தே தான் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நல்லா இருக்கீங்களா, பஸ் கூட்டமா, சாப்பிட்டீங்களா, எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது எதுவோ அதுதான் முதலில் வெளியே வந்தது, யாரிடமும் சொல்லாதது, அம்மாவிடம்கூடச் சொல்லாதது.

“எங்கியோ நின்னு பாத்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேனுங்க,” என்றாள்.

அவருக்கு அது புரிய வாய்ப்பில்லை. அந்தக் கோயில் தெரியாது, பூக்காரி தெரியாது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஆளாக, சாதாரணமாகச் சொன்னார்.

“பாத்துட்டுத்தானுங்க எறங்கி வந்தேன்.”